ரோட்ஸ்டருக்குப் புது புஷ்: ஒரு பந்திங் பட்டறைப் பதிவு

மலேசியாவின் சிப்பாங் கார்ப் பந்தய ஓடுபாதையில் மொத்தம் 15 வளைவுகள், ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். அதில் 14-ஆவது வளைவு, காருக்கு அடியில் என்ன தேய்ந்திருக்கிறது என்பதைப் பட்டென்று காட்டிவிடும். 13-இலிருந்தே வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு போவோம், அந்தத் திருப்பத்திலேயே பிரேக்கும் பிடிக்க வேண்டும். எடை முழுக்க இடது முன் சக்கரத்தில் சாயும் நேரம் அது. என் கார் அங்கே ஒரே கோட்டில் நிற்காமல் போனது. ஸ்டியரிங்கை நான் அசைக்கவில்லை, ஆனால் மூக்கு மட்டும் கொஞ்சம் வெளியே போய், ஒரு நொடி கழித்து உள்ளே வந்தது. பின் நேர்பாதை முடிந்து 15-ஆவது வளைவுக்கு முழு பிரேக் போடும்போது இன்னும் மோசம். கார் இடமும் வலமுமாக முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றது.

என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 இஞ்சின். ஜப்பானிலிருந்து ரீக்கோனாக, அதாவது அங்கே ஓடிய பழைய காராக இறக்குமதியாகி வந்தது, அதனால் பின்னால் ரோட்ஸ்டர் என்றே எழுதியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். இந்தக் காரை ஓட்டுகிறவர்கள் இதை விரும்புவதற்குப் பாதிக் காரணம் இந்த அமைப்புதான். அந்த ஆர்ம்கள் சேஸியோடு சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. நடுவில் இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர், வெளியே மெல்லிய இரும்புக் கூடு. இருபது வருடத்துக்கு மேல் வெயிலும் மழையும் கடந்த கார் என்றால் அந்த ரப்பரின் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டாளிகள் எல்லாரும் முதலில் சொன்னது, "அப்சார்பர மாத்துடா." சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் கடையில் பார்த்தால் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் மேடையில் அசையாமல் நிற்கும் காரின் எண்கள்தான் அவை. பிரேக் போடும்போது ரப்பர் நசுங்கி ஆர்ம் பின்னால் நகர்ந்தால், அந்த நொடியில் சக்கரம் எங்கே பார்க்கிறது என்று எந்த மேடையும் சொல்லாது. என் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, காரை அமுக்கி விட்டால் ஒரே எழும்பலில் நின்றது. அதை மாற்றுவதற்குக் காசு செலவழிக்கும் முன் புஷ்ஷைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதரையில் காரை நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் காரை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். மூன்றாவது ஆள் சக்கர வளைவுக்குப் பக்கத்தில் குனிந்து பார்க்க வேண்டும். டயர் உருளாமல், சக்கரம் மட்டும் வளைவுக்குள் முன்பின் நகர்ந்தால் லோவர் ஆர்ம் புஷ் போய்விட்டது. என் காரில் இடது முன் சக்கரம் கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தது. அப்புறம் அடியில் படுத்து, கடப்பாரை மாதிரியான சின்ன நெம்புகோலை ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வைத்து நெம்பினேன். ரப்பரில் சுற்றிலும் வாய் பிளந்தது. சக்கரத்தைத் தூக்கிவைத்து மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் (குண்டு மூட்டு) பார்க்கும் சோதனை. அதில் ஆட்டம் இல்லை என்பதால் புஷ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

பந்திங் கடலுக்குப் பக்கம். மோரிப் கடற்கரையிலிருந்து வரும் உப்புக்காற்று, வருடம் முழுக்க மழை. இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்கின்றன. போதாததற்கு இந்தப் பக்கத்து மண்ணில் பாதி புல்கரி மண், அதாவது மக்கிய செடிகொடிகளாலான மெத்தென்ற மண், சாலை போட்ட சில காலத்தில் அலை அலையாக இறங்கிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அதை இன்னும் குழியாக்கும். டிராக்கில் மட்டும் ஓடும் காருக்குச் சொல்லும் யோசனை, வாரம் முழுக்க இந்தச் சாலையில் வேலைக்குப் போகும் காருக்குப் பொருந்தாது. எந்தப் பொருளில் புஷ் வாங்குவது என்று முடிவு செய்தபோது இதைத்தான் முதலில் மனத்தில் வைத்தேன்.

முன் ஆர்மைக் கழற்றிக் கொண்டுவந்து வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருந்தபோது அம்மா வந்து பார்த்தார். செம்பனை வருவதற்கு முன் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கிழிந்து தொங்கிய ரப்பர்த் துண்டை விரலில் எடுத்து இழுத்தார். அது நீளாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இது செத்த ரப்பர்டா. இழுத்தா திரும்பி வரணும், இது எங்க வருது?" என்றார்.

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. புஷ் செய்ய இன்றும் இயற்கை ரப்பர் அதிகம் பயன்படுவதற்குக் காரணமே அந்தத் திரும்பி வரும் குணம்தான். இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக நின்று படிகம் போல் இறுகும், அதனால் சின்ன வெடிப்பு சீக்கிரம் பெரிதாகாது. லட்சக்கணக்கான முறை முறுக்கினாலும் அதிகம் சூடாகாது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், காற்றிலுள்ள ஓசோன் பட்டால் இழுவைக்குக் குறுக்காக வெடிக்கும். என் காரில் இரண்டுமே நடந்திருந்தது. இஞ்சின் பக்கமிருந்து வழிந்த பழைய எண்ணெய் ஒரு புஷ்ஷை வெல்லப்பாகு போல் ஆக்கியிருந்தது, மற்றவை காய்ந்து வெடித்திருந்தன. 1877-இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளில் தொடங்கிய மரம் இது. எங்கள் குடும்பம் மாதிரி எத்தனையோ குடும்பங்கள் அதன் நிழலில்தான் வளர்ந்தன. ரப்பரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அதனால் எல்லா இடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள், சுருக்கமாகப் பாலி) போடு என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. இரண்டின் வேலை முறையும் வேறு. ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது அது வழுக்கிச் சுற்றாது, ரப்பரே முறுக்கிக் கொடுக்கும். கிரீஸ் தேவையில்லை, சத்தம் வராது, சேறு உள்ளே போகாது. பாலியூரித்தேன் எதோடும் ஒட்டியிருக்காது, குழாயின்மேல் வழுக்கிச் சுழலும். ரப்பர் பொதுவாகக் கடினத்தைக் காட்டும் ஷோர் அளவில் 50-இலிருந்து 70-க்குள் இருக்கும், பாலி 80-இலிருந்து 95 வரை போகும். அதனால் நசுங்காது, சக்கரம் வைத்த இடத்தில் நிற்கும். ஆனால் ஒரே ஓர் அச்சில், கதவுக் கீல் மாதிரி சுழலும் இடத்துக்குத்தான் அது சரிவரும். பல பக்கம் வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் போட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பழைய ஹோண்டா சிவிக், இன்டெக்ராவின் பின் டிரெய்லிங் ஆர்ம் அப்படிப்பட்ட இடம். கூட்டாளி ஒருவர் தன் இன்டெக்ராவுக்கு அங்கே ஒரிஜினல் ரப்பரையே போட்டார், நல்ல முடிவு. எம்எக்ஸ்-5-இல் ஆர்ம்கள் எல்லாம் ஒரே அச்சில் சுழல்பவை, எனவே பாலிக்கு இடம் உண்டு.

எங்கே போடுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவியது. டயர் தரையில் வாங்கும் பக்கவாட்டு விசை இரண்டு ஆர்முக்கும் சமமாகப் பிரிவதில்லை. உதாரணத்துக்குக் கீழ் மூட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலும் மேல் மூட்டு 45 செ.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயர் 100 கிலோ விசையில் தள்ளினால் கீழ் ஆர்ம் 150 கிலோ தாங்க வேண்டும், மேல் ஆர்ம் எதிர்ப்பக்கமாக 50 கிலோ தாங்கும். கீழே மூன்று பங்கு, மேலே ஒரு பங்கு. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறுவதைத் தடுக்க வேண்டிய இடம் கீழேதான். சரி, நான்கு லோவர் ஆர்முக்கும் 80 ஷோர் பாலி, அப்பர் ஆர்ம்களுக்குப் புது ஒரிஜினல் ரப்பர் என்று முடிவானது. 95 ஷோர் எடுத்திருந்தால் டிராக்கில் இன்னும் கூர்மை கிடைத்திருக்கும். இந்தக் குழிச் சாலையில் தினமும் உடம்பு அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பாலி வாங்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலியூரித்தேனில் எஸ்டர் வகை, ஈத்தர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்துவிடும். நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு ஈத்தர் வகைதான் ஏற்றது.

கழற்றும் வேலைக்கு வருவோம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, கார் தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து சுவரில் எழுதி வைத்தேன். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். இரண்டு, லோவர் ஆர்மின் உள்பக்க போல்ட்கள் கேம் போல்ட்கள், அவற்றைத் திருப்பித்தான் அலைன்மென்ட் வைப்பார்கள். கேம் தட்டும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டேன். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால், அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போகும் அளவுக்காவது கார் நேராக இருக்கும்.

முன்பக்கம் எளிதாகவே வந்தது. துரு இளக்கும் எண்ணெயைச் சில நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் அடித்து வைத்திருந்தேன். காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் அதன் எடை இறங்கக் கூடாது. அப்சார்பரின் அடி போல்ட்டை எடுத்தால் போதும், ஸ்பிரிங்கை அமுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பின்பக்கம்தான் இந்தக் காரின் பேர்போன தொல்லை. அங்கே பால் ஜாயிண்ட் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டையும் லோவர் ஆர்மையும் ஒரு நீள போல்ட் ஊடுருவிப் போய்ச் சேர்க்கிறது. வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி, அந்த போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒன்றாகிவிடும். எப்படித் தெரியும் என்றால், நட்டைக் கழற்றிவிட்டு போல்ட் தலையில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் அது கொஞ்சம் திரும்பும். ஆஹா, வருகிறது என்று நினைத்துக் கையை எடுத்தால் மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அங்கே திரும்பியது போல்ட் இல்லை, போல்ட்டோடு ஒட்டிய குழாய் ரப்பரை முறுக்குகிறது, ரப்பர் அதைத் திருப்பி அனுப்புகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் சுத்தியலால் அடித்துப் பயனில்லை. அடித்தால் போல்ட் முனை விரியும், அவ்வளவுதான்.

ஆர்மையும் காரையும் டவுனிலிருக்கும் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் வேலை பார்க்கிறவர். வலது பக்க போல்ட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது வராது. புது போல்ட் இருக்கா?" என்று கேட்டார். முன்பே தருவித்து வைத்திருந்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிரைண்டரில் மெல்லிய கட்டிங் தகடு போட்டு, ஆர்முக்கும் அப்ரைட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் தகட்டை இறக்கினார். அகலம் மிகக் குறைவு, தகடு இரண்டு பக்கமும் உரசாமல் போக வேண்டும். முதலில் ரப்பர் கருகும் நாற்றம், பிறகு குழாயின் மங்கிய தீப்பொறி, அதற்கப்புறம் போல்ட்டின் வெளிச்சமான நீளப் பொறி. பொறியின் நிறம் மாறுவதைப் பார்த்தே தகடு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் அறுத்த பின் அப்ரைட் தானாகக் கழன்று கையில் வந்தது. ஆர்மில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கை நிதானத்துக்கு என்ன கூலி கொடுத்தாலும் தகும்.

பழைய புஷ்ஷை எடுக்கக் கேஸ் பற்றவைத்து எரிப்பவர்கள் இருக்கிறார்கள். எரியும் ரப்பர் புகை நுரையீரலுக்குக் கெடுதல், ஆர்மின் பெயின்டும் போகும், பிறகு அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். நாங்கள் பிரஸ்ஸில் எடுத்தோம். விளிம்பில் வெளியே பிதுங்கிய ரப்பரைக் கத்தியால் சீவிவிட்டு, கூட்டின் விளிம்பில் மட்டும் உட்காரும் அளவில் ஒரு சாக்கெட்டை வைத்து அழுத்தினால் பெரும்பாலானவை ஒரு வெடிச் சத்தத்தோடு நகர்ந்தன. எம்எக்ஸ்-5-இன் ஆர்ம் தகட்டை மடித்துச் செய்தது, அழுத்தத்தில் எளிதாக வளையும். அதனால் புஷ் உட்காரும் காதுக்குப் பின்னால் பாதியாகப் பிளந்த குழாய்த் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்தோம். வராத இரண்டுக்கு, ரப்பரைச் சுற்றித் துளையிட்டு உள்குழாயை உருவிவிட்டு, வெளிக்கூட்டை ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து ஒரு கோடு அறுக்க வேண்டியிருந்தது. கூடு முழுக்க அறுபடும் முன்னே நிறுத்திவிட்டு, சின்ன உளியால் உள்பக்கம் மடக்கினால் இறுக்கம் விட்டுப்போகும். காதின் உள்சுவரில் பிளேடு பட்டால் அந்தக் கீறலே பின்னால் விரிசலாகும். அவசரப்படக் கூடாத இடம் இது.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆர்ம்களுக்கு இரண்டு கை பெயின்ட் அடித்துக் காயவிட்டேன். பாலியின் உள்ளும் புறமும், உரசும் பக்க முகங்களிலும், அதற்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸைத் தாராளமாகத் தடவினேன். உள்குழாய் பாலியைவிட மயிரிழை நீளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிராக்கெட் குழாயைத்தான் கவ்வ வேண்டும், பாலியைக் கவ்வினால் சுழலாது. பூட்டி இறுக்கிய பின் ஆர்மைக் கையால் தூக்கி விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். ஒன்று பாதியில் நின்றது. கழற்றிப் பார்த்தால் பிராக்கெட்டின் உள்பக்கம் பழைய பெயின்ட் கட்டி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்ததும் சரியானது.

இப்போது சுவரில் எழுதிய அளவுக்கு வருகிறேன். ரப்பர் புஷ் உள்ள அப்பர் ஆர்ம் போல்ட்களை, கார் ஜாக் ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கவே கூடாது. ரப்பர் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது என்றேன் அல்லவா? தொங்கும் நிலையில் குழாயைக் கவ்விவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முழுக்க முறுக்கிக்கொள்ளும். ஓடும் நேரமெல்லாம் அந்த முறுக்கோடுதான் இருக்கும். கார் கொஞ்சம் உயரமாக நிற்கும், ரப்பர் தேவையில்லாத ஸ்பிரிங் வேலை பார்க்கும், சீக்கிரமே கிழியும். புது புஷ் போட்டு ஒரு வருடத்தில் போய்விட்டது, சாமான் மட்டம் என்று புலம்பும் பல பேருடைய காரில் நடந்தது இதுதான் என்பது என் திடமான எண்ணம். அதனால் போல்ட்களைத் தளர்வாகப் பூட்டிவிட்டு, அப்ரைட்டுக்கு அடியில் ஜாக்கை வைத்து, மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரையிலான தூரம் முன்பு எழுதிய அளவுக்கு வரும்வரை தூக்கினேன். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பவில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த நிலையில்தான் டார்க் ரென்ச்சால் பட்டறைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். நான்கு மூலைக்கும் இதே முறை. நேரம் எடுக்கும், ஆனால் முழு வேலையின் ஆயுளும் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது.

அலைன்மென்டில் முன்பக்கம் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) மைனஸ் 1.8 டிகிரி, டோ பூஜ்யம். பின்பக்கம் மைனஸ் 1.8, டோ மிகக் கொஞ்சம் உள்நோக்கி. கடைப் பையன் கேம் போல்ட்களைத் திருப்பியபோது எல்லாம் வழுக்கிக்கொண்டு திரும்பின. முன்பெல்லாம் அவை இறுகிப்போய், வலப்பக்கம் ஓர் எண்ணும் இடப்பக்கம் ஓர் எண்ணுமாகத்தான் விட வேண்டியிருந்தது.

அடுத்த டிராக் டேயில் சிப்பாங்கின் 5, 6-ஆவது வளைவுகளில்தான் முதலில் தெரிந்தது. வேகத்தில் இடம் சாய்ந்து உடனே வலம் சாயும் இடம் அது. முன்பு ஸ்டியரிங் திருப்பியதும் ஒரு தயக்கம் இருக்கும், அப்புறம்தான் பின்பக்கம் வந்து சேரும். இப்போது முன்னும் பின்னும் ஒன்றாகவே திரும்பின. 14-இல் பிரேக்கோடு வளைந்தபோது மூக்கு போட்ட கோட்டிலேயே போனது. 15-க்கு முழு பிரேக், கார் நேராக நின்றது. கையில் ஸ்டியரிங்கைத் திருத்தும் வேலையே இல்லாததால், பிரேக்கை எங்கே விடுவது என்பதில் மனத்தை வைக்க முடிந்தது. டயரும் அதே, அப்சார்பரும் அதே. சாலையில் சின்ன அதிர்வுகள் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகின்றன, கேரித்தீவுப் பாலம் ஏறும்போது இணைப்புகள் ஒவ்வொன்றும் கையில் படுகின்றன. சத்தம் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் பாலியைக் கழற்றி மறுபடி கிரீஸ் போட்டுவிடுவேன்.

நீங்களும் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், புஷ் செட்டுக்கு முன்பே பின் நீள போல்ட்கள் இரண்டையும், கேம் போல்ட், கேம் தட்டு, நட் எல்லாவற்றையும் தருவித்து வையுங்கள். பழையது அறுபட்ட பிறகு ஆர்டர் போட்டால், சாமான் வரும்வரை கார் ஸ்டாண்டில்தான் நிற்கும். புது போல்ட்டைப் போடும்போது குழாய்க்குள் உட்காரும் தண்டில் மட்டும் செம்பு கிரீஸ் தடவுங்கள். மரையில் பட்டால் டார்க் ரென்ச் காட்டும் அளவைவிட இறுக்கம் கூடிவிடும். டிராக்கில் ஓடி வந்த மறுநாள் கேமின் புதுக் குறிகளையும் எல்லா நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் காரில் எதுவும் நகரவில்லை.